மோட்டார் வாங்கினால் தண்ணீர் வந்துவிடுமா?

ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. சோப்பு டப்பா சைஸில் ஆரம்பித்து டிபன் கேரியர் சைஸ் வரைக்கும் கிடைக்கிறது. கம்ப்யூட்டருக்கும் ஹெட்போனுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, வருகிற சிக்னலைப் பெரிசாக்கி அனுப்புவது அதன் வேலை. அவ்வளவுதான் வேலை. ஆனால் அதை விற்பவர்கள் பேசுவதைக் கேட்டால், அந்தப் பெட்டி இல்லாத வீட்டுக்குள் சங்கீதமே நுழையாது போலிருக்கிறது.

நான் சொல்வது இது: புதிதாக ஆரம்பிக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பெட்டி தேவையே இல்லை. தேவைப்படுகிற சிலருக்கும், கடைக்காரர் முதலில் எடுத்து வைக்கிற பெட்டி தேவையில்லை. இப்படிச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

படூரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுசேரி சிப்காட்டைத் தாண்டினால் படூர், அதைத் தாண்டினால் கேளம்பாக்கம். 2008-ல் ராஜீவ் காந்தி சாலை ஆறு வழியானதற்கு அப்புறம், வயலும் தோப்பும் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. ஒரு பக்கம் ஐ.டி. ஆட்கள், இன்னொரு பக்கம் இந்துஸ்தான் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். ஒரு ஃபிளாட்டில் மூன்று பேர், நான்கு பேர். ஒருத்தனுக்கு நைட் ஷிப்ட், ஒருத்தனுக்குப் பரீட்சை. ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் பத்து நிமிடத்தில் அசோசியேஷன் வாட்ஸப் குரூப்பில் பெயர் வந்துவிடும். ஆக, அந்தப் பையனுக்கு ஹெட்போன் ஆடம்பரம் கிடையாது. வாடகை கொடுக்காமல் கிடைக்கிற தனி ரூம் அது. அதைக் கேலி பண்ண நான் வரவில்லை.

அந்தப் பையன் எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ஹெட்போன் வாங்குகிறான். சந்தோஷமாகக் கேட்கிறான். மூன்றாவது நாள் யாராவது ஒரு 'விவரம் தெரிந்த அண்ணன்' வந்து கேட்கிறார்: "ஆம்ப் இல்லாமலா கேக்குற? அப்ப நீ அந்த ஹெட்போனை இன்னும் கேக்கவே இல்லடா தம்பி." முடிந்தது கதை. நேற்று வரை இனித்த பாட்டு இன்று புளிக்கிறது. பட்ஜெட் பத்தாயிரம் என்று தேட ஆரம்பிப்பவன், 'இன்னும் கொஞ்சம் போட்டால்' என்கிற ஏணியில் ஏறி இருபதாயிரத்தில் போய் நிற்கிறான். நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கவே இருக்கிறது.

அந்த 'விவரம்' எவ்வளவு தேறும் என்று பார்த்துவிடலாம். நான் பி.காம். ஆசாமி. ஓம் விதியைவிட டெபிட், கிரெடிட்தான் எனக்கு நெருக்கம். ஆனால் இங்கே தேவைப்படுவது வெறும் பெருக்கல், வகுத்தல்தான்.

முதலில் ஒன்றைத் தீர்த்துவிடலாம். உங்களுடையது ப்ளூடூத் ஹெட்போனா? அதற்குள்ளேயே ஒரு குட்டி ஆம்ப் உட்கார்ந்திருக்கிறது. ப்ளூடூத்தில் கேட்கும்வரை மேஜை மேலே தங்கத்தில் ஆம்ப் வாங்கி வைத்தாலும் அதற்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. மேற்கொண்டு படிக்க வேண்டிய அவசியமில்லை. பணம் மிச்சம். பக்கத்தைப் புரட்டுங்கள்.

ஒயர் வைத்த ஹெட்போன்காரர்கள் இருங்கள். படூர்க்காரர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். ஓ.எம்.ஆரில் குடியிருக்கிறவர்களுக்குத் தண்ணி லாரி, சம்ப், மோட்டார் மூன்றையும் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வோல்ட் என்பது மோட்டார் கொடுக்கிற அழுத்தம். கரன்ட் என்பது குழாயில் ஓடுகிற தண்ணீர். ஹெட்போன் அட்டையில் 'ஓம்' என்று போட்டிருக்கிறதே, அது உங்கள் டேங்க் எத்தனையாவது மாடியில் இருக்கிறது என்கிற கணக்கு மாதிரி. 32 ஓம் என்றால் முதல் மாடி. 300 ஓம் என்றால் பத்தாவது மாடி. அழுத்தம் அதிகம் வேண்டும், ஓடுகிற தண்ணீர் கொஞ்சம் போதும். இன்னொரு ஜாதியும் உண்டு, பிளேனார் என்பார்கள். ஓம் குறைவாக இருக்கும், ஆனால் தண்ணீரைக் குடம் குடமாகக் கேட்கும்.

ஓம் மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான். அதற்குப் பக்கத்திலேயே 'சென்சிடிவிடி' என்று ஒரு எண் இருக்கும். ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது அது. இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

கணக்கைப் போடுவோம். ஆப்பிள் கம்பெனி ஹெட்போன் துளை இல்லாத போனுக்காக விற்கிற, விரல் நீள ஒயர் ஒன்று உண்டு. சுமார் ஆயிரம் ரூபாய். அதற்குள் டாக் (நாய் இல்லை, டிஜிட்டல் எண்களை மின்சாரமாக மாற்றுகிற சில்லு), ஆம்ப் இரண்டுமே இருக்கின்றன. அதிகபட்சம் ஒரு வோல்ட் தரும். ஐரோப்பாவில் விற்பது அதில் பாதிதான். சில ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் குறைவாக வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் தொந்தரவில்லை.

32 ஓம் ஹெட்போன், மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கிற ரகம். ஒரு வோல்ட்டுக்கு 31 மில்லிவாட் போகும். சத்தம் 115 டெசிபல். ஆடி மாசத்தில் கூழ் ஊற்றும்போது கட்டுகிற கோன் ஸ்பீக்கருக்குள் தலையை விட்ட மாதிரி! ஆயிரம் ரூபாய் ஒயரிலேயே இவ்வளவு. இதற்கு மேல் மேஜை ஆம்ப் எதற்கு? முதல் மாடி டேங்குக்கு ஏழரை குதிரைசக்தி மோட்டார் போட்டால் தண்ணீர் ருசியாக வருமா? குழாய்தான் பிய்த்துக்கொள்ளும்.

சரி, எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்வோம். பேயர்டைனமிக் டி.டி. 990 ப்ரோ, 250 ஓம் ரகம். மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். அதே ஒரு வோல்ட்டில் நாலு மில்லிவாட்தான் போகும். உச்சத்தில் 102 டெசிபல். சினிமாப் பாட்டுக்குப் போதும். ஆனால் கச்சேரிப் பதிவிலும் சிம்பொனியிலும் மெல்லிய இடத்துக்கும் உச்சத்துக்கும் இடைவெளி அதிகம். அங்கே வால்யூமை முழுக்க வைத்தும் 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றலாம். 1997-ல் வந்து இன்னும் விற்பனையில் இருக்கிற சென்ஹைசர் ஹெச்.டி. 600, 300 ஓம். அதற்கும் ஏறக்குறைய இதே கதைதான். இவர்களுக்கு மூன்று வோல்ட் தருகிற ஆம்ப் இருந்தால் நல்லது. 250 ஓமுக்கு 36 மில்லிவாட். 111 டெசிபலைத் தாண்டிவிடும். கவனியுங்கள், 36 மில்லிவாட். கடையில் அவர்கள் கூவுவது '2,000 மில்லிவாட்! 3,000 மில்லிவாட்!' என்று.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. சக்தி பத்து மடங்கானால் டெசிபல் பத்துதான் கூடும். நம் காதுக்கு அது சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தெரியும். அட்டையில் எண் பத்து மடங்கு. காதில் ரெண்டு மடங்கு. விலையில் எத்தனை மடங்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தை நமக்குப் புதுசா என்ன? அண்ணா சாலைக்குப் பின்னால் ரிச்சி தெருவில் சுற்றியவர்களுக்கு பி.எம்.பி.ஓ. ஞாபகம் இருக்கும். 'பீக் மியூசிக் பவர்' என்று ஏதோ விரிவாக்கம். '1,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் ஒட்டிய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர். பின்னால் போய்ப் பார்த்தால் 12 வோல்ட், ஒரு ஆம்பியர் அடாப்டர். உள்ளே வருவது 12 வாட், வெளியே போவது ஆயிரம் வாட். வரவு பன்னிரண்டு, செலவு ஆயிரம்! இப்படி ஒரு பாலன்ஸ் ஷீட்டில் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? ஸ்பீக்கர் கடையில் போட்டார்கள். நாமும் வாங்கினோம்.

பி.எம்.பி.ஓ. சாகவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இப்போது அதன் பெயர் '32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்'. 1982-ல் வந்த சிடி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காதுக்குக் கேட்கிற உச்ச வரம்பு 20 கிலோஹெர்ட்ஸ். சிடி அதை முழுக்கப் பிடித்துவிடுகிறது. நாற்பது வயதைத் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு 15 தேறினாலே பெரிசு. 32 பிட் என்பதும் அட்டையில் மட்டும்தான். உலகத்தின் மிகச் சிறந்த கருவிகள்கூட அசலில் 21, 22 பிட்டோடு நின்றுவிடுகின்றன. தங்க நிறத்தில் 'ஹை-ரெஸ்' முத்திரை குத்திய ஹெட்போன் 40 கிலோஹெர்ட்ஸ் வரை பாடும் என்கிறார்கள். பாடட்டும். அதைக் கேட்டு ரசிக்கக்கூடியவை படூர் தெரு நாய்கள்தான். அவை யாரும் இ.எம்.ஐ. கட்டுவதில்லை.

"கேட்டாத்தான் சார் தெரியும். உங்களுக்குக் காது பத்தாது" என்பார்கள். நல்லது, கேட்டவர்கள் கதையையே சொல்கிறேன். 2007-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். உயர்தர டிஸ்க்கை நேராக ஒருமுறை, சாதா சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறை போட்டு, எது எது என்று சொல்லச் சொன்னார்கள். கேட்டவர்களில் சவுண்ட் இன்ஜினீயர்களும் இருந்தார்கள். மொத்தம் 554 தடவை. சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதுதான் வந்திருக்கும். 2016-ல் பதினெட்டு ஆய்வுகளைக் கூட்டிக் கணக்குப் போட்ட ஒருவர், இல்லை இல்லை, வித்தியாசம் தெரிகிறது என்று முடிவு சொன்னார். எவ்வளவு? 52 சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேலே. இந்த ரெண்டு சதவிகிதத்துக்குத்தான் ஒரு மாசச் சம்பளத்தைக் கேட்கிறார்கள்.

ஆம்ப்ளிஃபையருக்கும் நடந்திருக்கிறது. 1987-ல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' என்ற அமெரிக்கப் பத்திரிகை, சில நூறு டாலர் ஆம்ப்பிலிருந்து பல ஆயிரம் டாலர் ஆம்ப் வரை வரிசையாக வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்க வைத்தது. அவை ஸ்பீக்கர் ஆம்ப்கள்தான், ஆனால் பாடம் ஒன்றுதான். விலைப்பட்டியல் கண்ணுக்கு மறைந்ததும் காதுக்கும் வித்தியாசம் மறைந்துவிட்டது.

நீங்களே ரூம்மேட்டை வைத்துக்கொண்டு செய்து பார்க்கலாம். முக்கியம், இரண்டிலும் வால்யூம் சரிசமமாக இருக்க வேண்டும். சத்தம் துளி கூடினாலும் 'ஆஹா, தெளிவா இருக்கு' என்று மனசு சொல்லிவிடும். ஷோரூமில் நடப்பதும் பல சமயம் இந்தத் துளிதான். கண்ணை மூடிக்கொண்டு இருபதுக்குப் பதினைந்து சரியாகச் சொல்லிவிட்டால், தாராளமாக வாங்குங்கள்; நானே வந்து தேங்காய் உடைக்கிறேன்.

பாட்டு எங்கேயிருந்து வருகிறது என்றும் ஒரு கணம் யோசியுங்கள். தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப்பாடல்கள் என்று 1978-ல் வந்த 'ப்ரியா'வைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் எம்.எஸ்.வி., கே.வி. மகாதேவன் காலத்துப் பொக்கிஷங்கள் எல்லாம் மோனோ. இரண்டு காதிலும் ஒரே சத்தம். அதில் பாதி, தேய்ந்த நாடாவிலிருந்தோ கீறல் விழுந்த ரெக்கார்டிலிருந்தோ எடுத்து யூடியூபில் ஏற்றியது. சம்ப்பில் இருப்பது கலங்கல் தண்ணீர் என்றால், எந்த மோட்டாரும் அதை மினரல் வாட்டர் ஆக்காது. கலங்கலை வேகமாக ஏற்றும், அவ்வளவே.

ஆம்ப் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. மலிவாகவும் உத்தமமாகவும் செய்ய முடியும் என்பதற்கு இந்தத் துறையிலேயே சாட்சி இருக்கிறது. 2011-ல் பெயர் சொல்லாத ஒருவர், 'என்டபிள்யூஏவிகை' என்ற புனைபெயரில், 'ஆப்ஜெக்டிவ் 2' என்ற ஹெட்போன் ஆம்ப்பை வடிவமைத்து, வரைபடம், அளவுகள் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தார். பல மடங்கு விலையுள்ள பெட்டிகளோடு சரிக்குச் சரி நின்றது அது. அடுத்த வருஷமே ஆள் மௌனமாகிவிட்டார். யார், எங்கே என்று இன்று வரை வெளியே வரவில்லை. அவர் போட்ட பாதையில்தான் 2018-ல் ஜே.டி.எஸ். லேப்ஸ் 99 டாலருக்கு 'ஆட்டம்' என்ற ஆம்ப்பை விற்றது. நல்ல ஆம்ப் என்பது தீர்த்துவைக்கப்பட்ட கணக்கு. தீர்ந்த கணக்குக்குப் புதுசு புதுசாக ட்யூஷன் பீஸ் வாங்குவதைத்தான் கேட்கிறேன்.

ஆகவே, ஆரம்பிக்கிற தம்பி தங்கைகளுக்கு, பட்டும் படாமலும் பேசாமல், நேராகச் சொல்கிறேன்.

இருக்கிற லேப்டாப், போனிலேயே முதலில் ஒரு மாதம் கேளுங்கள். வால்யூம் முக்கால்வாசியிலேயே போதுமா? 'கிர்ர்' இரைச்சல் இல்லையா? ஆம்ப் வேண்டாம். மிச்சக் காசில் இன்னும் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். சத்தத்தின் குணத்தை மாற்றுவது அதுதான். இல்லையா, தேய்ந்த காது மெத்தையை மாற்றுங்கள். அதுவே பெரிய வித்தியாசம் காட்டும்.

மவுஸை நகர்த்தினால் காதில் இரைகிறதா? அது லேப்டாப்பின் உள்ளே இருக்கிற மின் இரைச்சல். ஆயிரம் ரூபாய் யு.எஸ்.பி. ஒயரே பெரும்பாலும் தீர்த்துவிடும். சார்ஜர் போட்டால் மட்டும் 'ம்ம்ம்' என்கிறதா? சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறதா? அது எர்த் விவகாரம். ஆம்ப் கடைக்குப் போகாதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின் பிளக்கில் மூன்றாவது பின்னுக்கு ஒயரே போகாத வீடுகள் உண்டு. அதைச் சரி செய்தால் பாட்டு மட்டுமல்ல, உயிரும் பத்திரம்.

250, 300 ஓம் ஹெட்போனோ, பசி பிடித்த பிளேனாரோ வைத்திருக்கிறீர்களா? மேஜை மேலே கைக்கு அடக்கமாக ஒரு குமிழ் வேண்டுமா? அதுவும் நியாயமான ஆசைதான். பத்தாயிரத்துக்குள், டாக்கும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் உள்ளதாகப் பாருங்கள். கேட்க வேண்டியவை மூன்றே மூன்று. ஒன்று, 300 ஓமில் மூன்று வோல்ட்டாவது தருமா? இரண்டு, 'அவுட்புட் இம்பீடன்ஸ்' எவ்வளவு? உங்கள் ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு ஓம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மூன்று, இந்தியாவில் வாரன்ட்டி உண்டா, ரிப்பேருக்கு எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும்?

அமெரிக்காவிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லிவிட்டு வாங்குகிறவர்கள் அடாப்டரைப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. சொருகிய நொடியில் புகை வந்தால், அந்த நாதத்தை எந்த வாரன்ட்டியும் திருப்பித் தராது.

அந்த நோ காஸ்ட் இ.எம்.ஐ.க்கும் வருவோம். ஜீரோ சதவிகித வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பெயர்தான் மாறியது. வட்டிக்கு ஈடாகத் தருவதாகச் சொல்லும் தள்ளுபடி, பல சமயம் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடிதான். அதன் மேல் பிராசஸிங் பீஸ், வட்டிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. இருபதாயிரம் ரூபாய் கையில் இல்லாதவர் இருபதாயிரம் ரூபாய் ஆம்ப்பில் பாட்டுக் கேட்டால், ஒவ்வொரு மாசமும் அஞ்சாம் தேதி அபஸ்வரம் கேட்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் நாலே மணி நேரம், 100 டெசிபல் என்றால் சுமார் இருபதே நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு! நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை வைத்திருப்பவனிடம் முந்நூறு கிலோமீட்டர் வண்டியை விற்கிறவர், பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? காதுக்குள் இருக்கிற நுண்ணிய உணர்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இ.எம்.ஐ. என்றைக்காவது முடியும். காதில் 'கொய்ங்' என்று ஆரம்பித்த சத்தம் முடியாமலே போகலாம்.

அதனால் வாங்குகிறவனுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நான் எழுந்து போகத் தயாராயில்லை. விற்கிறவருக்கும் ஒரு கடமை உண்டு. அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபையரின் வாட்டை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று 1974-லேயே விதி போட்டார்கள். 2024-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். இங்கே ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம், என்ன விலை, யார் தயாரித்தது என்று போடாமல் விற்க முடியாது. எடையளவுச் சட்டமும் 2011 விதிகளும் இருக்கின்றன. ஆனால் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டியில் 'பவர்ஃபுல்', 'ஸ்டுடியோ குவாலிட்டி' என்று கவிதை எழுதி விற்கலாம். பிஸ்கட்டுக்கு இருக்கிற மரியாதை காதுக்கு இல்லையா?

எத்தனை ஓமில் எத்தனை மில்லிவாட், அவுட்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு, இந்த ஆம்ப் எந்த ரக ஹெட்போனுக்கு அனாவசியம், எவ்வளவு சத்தம் ஆபத்து. இந்த நாலு வரியை ஆம்ப் அட்டைமேல் தமிழிலும் அச்சடிக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட வேண்டும். மூன்றாவது வரியைப் படித்து யாரும் பதற வேண்டாம். மருந்துக் கடையில் கேட்காமலே சொல்கிறார்கள், 'இது உங்களுக்கு வேண்டாம் சார்' என்று. மருந்துக் கடைக்காரர் ஒன்றும் திவாலாகவில்லை. அதுவரைக்கும் பொய் விளம்பரத்தைப் பார்த்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1915 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம். சொல்லுங்கள்.

அந்த 'விவரம் தெரிந்த அண்ணன்' மறுபடி வந்து, "ஆம்ப் இல்லாமலா கேக்குற?" என்றால், பதிலுக்கு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "என் ஹெட்போன் எத்தனை ஓம் அண்ணே? சென்சிடிவிடி எவ்வளவு?" அவர் ஆகாசத்தைப் பார்த்தால், நீங்கள் பாட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.